வேலை இல்லை என்று சொல்லவும் வசதி வேண்டும்

"கூலிக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது சார். எல்லாப் பயலும் சோம்பேறியாயிட்டானுங்க." ஊர்த் தெரு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். சொல்பவர் நிலம் வைத்திருப்பவர். அதே நேரத்தில் காலனி முனையில் வேப்பமரத்தடி மேடையில் ஏழெட்டு இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் பட்டதாரி. "என்ன தம்பி, வேலை ஏதாச்சும்?" என்றால், "பாத்துக்கிட்டு இருக்கேண்ணா" என்பார்கள். இதற்கிடையில் டெல்லியிலிருந்து ஒரு கணக்கு வருகிறது: 2023-24இல் நாட்டில் வேலையின்மை 3.2 விழுக்காடு. வேலைக்கு நிற்கும் நூறு பேரில் மூன்று பேருக்குத்தான் வேலை இல்லையாம்.

ஊர்க்காரர் ஆள் இல்லை என்கிறார். நம் பிள்ளைகள் வேலை இல்லை என்கிறார்கள். அரசு எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள் என்கிறது. இதில் யார் பொய் சொல்கிறார்கள்? உடனே அரசைத்தான் கைகாட்டத் தோன்றும். ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கில் வேலை செய்யும் தந்திரம் பொய்யைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அது விளங்காமல் 'வேலை கொடு' என்று எத்தனை சுவரில் எழுதினாலும் நம் கோரிக்கை பாதிக் கோரிக்கைதான்.

முதலில் எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்ப்போம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எந்தச் சேரியிலும் இருக்கும் வீடுதான். அப்பா விவசாயக் கூலி. போன வருசம் 120 நாள் வேலை கிடைத்தது, 150 நாளுக்கு மேல் கேட்டும் கிடைக்கவில்லை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒரு 35 நாள் போனார். மற்ற நாளெல்லாம் விறகு பொறுக்குவது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, சோறாக்குவது. மூத்த மகன் பி.காம். தேர்வாணையப் பரீட்சை எழுதிக்கொண்டே இரண்டு மாசம் பெயிண்ட் அடிக்கப் போனான். மகள் பி.ஏ. முடித்து வேலை தேடினாள். கிடைக்கவில்லை. 'சும்மா இருக்கறதுக்கு மேல படிக்கலாம்' என்று எம்.ஏ. சேர்ந்துவிட்டாள். தாத்தா வீட்டோடு இருக்கிறார். ஊரில் சாவு விழுந்தால் மட்டும் ஆள் வரும். போயாக வேண்டும்.

இந்த வீட்டுக்குக் காலமுறைத் தொழிலாளர் ஆய்வுக்காரர் வருகிறார் என்று வையுங்கள். அவரிடம் எண்கள் இருக்கின்றன. தினக்கூலிக்கு 51. வேலை தேடுபவருக்கு 81. படிப்பவருக்கு 91. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு, தழை, கீரை சேகரித்தால் 93. 'வழக்கமான நிலை' என்ற அளவுகோலின்படி, வருசத்தில் பெரும்பகுதி வேலையில்லாமல் இருந்தவரானாலும், இடையில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். அப்பா 120 நாள் செய்தார். வேலையில் இருக்கிறார். அம்மா 35 நாள். வேலையில் இருக்கிறார். மகன் இரண்டு மாசம் பெயிண்ட் அடித்தான். வேலையில் இருக்கிறான். மகள் 91. அவள் உழைப்பாளர் கணக்கிலேயே வரமாட்டாள். தாத்தாவும் வரமாட்டார்.

ஆக, இந்த வீட்டில் வேலையில்லாதவர் எத்தனை பேர்? பூஜ்யம். டெல்லிக் கணக்கில் இது நூறு விழுக்காடு வேலைவாய்ப்புள்ள வீடு.

வருசக் கணக்குதான் இப்படி, வாரக் கணக்காவது பரவாயில்லையா? அதிலும் போன ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அந்த வாரம் முழுக்க அவர் வேலையில் இருந்தவர். வரப்பு வெட்ட ஒரு காலை நேரம் கூப்பிட்டார்கள், போனார், மீதி ஆறு நாள் மேடையில் உட்கார்ந்திருந்தார் என்றால், அவரும் மாதச் சம்பளம் வாங்கும் பேங்க் மேனேஜரும் இந்தக் கணக்கில் ஒரே பக்கம். 2025 ஏப்ரல் முதல் மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறார்கள். அந்த ஏப்ரலுக்கு 5.1 விழுக்காடு என்றார்கள். அதுவும் இந்த ஒரு மணி நேர அளவுகோலில் வந்ததுதான்.

மூன்றாவதாக ஓர் அளவுகோல் உண்டு. ஒவ்வொரு நாளையும் அரை நாள் அரை நாளாகப் பிரித்து, எத்தனை அரை நாள் வேலை, எத்தனை அரை நாள் வேலையின்மை என்று எண்ணுவது. நாலு மணி நேரம் செய்தால் முழு நாள், அதற்குக் குறைந்தால் அரை நாள். கூலி ஆளின் வாழ்க்கைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இதுதான். 2004-05 ஆய்வை எடுத்துப் பாருங்கள். அதே நாடு, அதே மக்கள், அதே வருசம். வழக்கமான நிலைக் கணக்கில் வேலையின்மை 2.3 விழுக்காடு. நாள் கணக்கில் 8.2 விழுக்காடு. மூன்று மடங்குக்கு மேல். 2017-18க்குப் பிறகு வரும் அறிக்கைகளில் முன்னால் நிறுத்தப்படுவது முதல் இரண்டு அளவுகோல்கள்தான். நாள் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது.

இந்த அளவுகோல்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களில் 'இத்தனை லட்சம் பேருக்கு வேலை இல்லை' என்று ஒற்றை எண் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1968இல் திட்டக்குழு தந்த்வாலா தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டது. ஒற்றை எண் இந்த நாட்டுக்குப் பொருந்தாது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 1970இல் அது சொன்னது. நியாயமான பேச்சு. எப்படிப் பிரிப்பது? மாநிலம், ஆண்-பெண், வயது, கிராமம்-நகரம், தொழிலாளியின் நிலை, படிப்பு. பட்டியல் அவ்வளவுதான். இந்த நாட்டில் யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்று ஆயிரம் வருசமாக எது தீர்மானிக்கிறதோ, அந்தச் சாதி பட்டியலில் இல்லை.

பிறகு வந்த ஆய்வுகளில் பட்டியல் சாதி, பழங்குடி என்று ஒரு கட்டம் சேர்ந்தது. சேர்ந்தும் என்ன? வழக்கமான நிலைக் கணக்கில் பட்டியல் சாதியினருக்கும் 'மற்றவர்' என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "பாத்தியா, வேலையின்மை எல்லாச் சாதிக்கும் ஒண்ணுதான், எதுக்கய்யா இடஒதுக்கீடு?"

அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பையன் பொறியியல் முடித்துவிட்டு இரண்டு வருசம் 'நல்ல வேலைக்கு' காத்திருப்பான். அப்பா சோறு போடுவார், கோச்சிங்குக்குப் பணம் கட்டுவார். ஆய்வுக்காரர் வந்தால் அவனுக்கு 81. நம் வீட்டுப் பையன் காத்திருக்க முடியாது. மூணாம் நாள் அடுப்பு எரியாது. பெயிண்ட் டப்பாவைத் தூக்குவான், மூட்டை தூக்குவான், ஓட்டலில் டேபிள் துடைப்பான். அவனுக்கு 51. வேலையில்லாதவர் என்று கணக்கில் ஏறுவதற்கே கையில் கொஞ்சம் காசு வேண்டியிருக்கிறது. சோறு இருப்பவன் வேலையில்லாதவன், சோறு இல்லாதவன் வேலையில் இருப்பவன் என்று ஆகிறது.

அந்த வசதியை அரசு நமக்குக் கொடுத்ததா? தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்து, ஐந்து வருசம் காத்திருந்த பட்டதாரிக்கு உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதுவும் மூன்று வருசத்துக்கு. காலியிடத்தைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 1959இல் கொண்டுவந்த சட்டம்கூட, அறிவிக்கத்தான் சொன்னது. அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

சரி, வேலையின்மைக்குக் காரணம் என்ன? பொருளாதாரப் பாடநூலில் மக்கள்தொகை, இயந்திரம், முதலீட்டுக் குறைவு, திறன் போதாமை என்று இருக்கும். கல்லூரித் தோழர்கள் பரீட்சைக்கு அதைத்தான் எழுதுவார்கள். அவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. அறுவடை இயந்திரம் வந்து டெல்டாவில் எத்தனை பேரின் அறுப்புக் கூலி போனது என்று அங்கிருக்கும் தோழர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு காரணத்தை ஒரு பொருளாதார அறிஞர் ரொம்ப நாளைக்கு முன்பே சொல்லிவிட்டார். அவரை நாம் சிலையாக வைத்திருக்கிறோம், பொருளாதார அறிஞராகப் படிப்பதில்லை.

1918இல், 27 வயதில், இந்தியாவின் சிறு நிலங்கள் பற்றி அம்பேத்கர் ஒரு கட்டுரை எழுதினார். நிலம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான் வறுமைக்குக் காரணம் என்று எல்லோரும் பேசிய காலம். அவர் திருப்பிப் போட்டார். நிலத்தின் மேல் தேவைக்கு மேற்பட்ட ஆட்கள் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் உழைப்பு வீணாகக் கிடக்கிறது, தொழில் வளர்ந்து அவர்களை அங்கிருந்து எடுத்தால்தான் தீரும் என்று வாதிட்டார். 'மறைமுக வேலையின்மை' என்று பின்னாளில் பாடநூல்கள் பேர் வைத்தது இதற்குத்தான். 1936இல் சாதி ஒழிப்பு உரையில் இன்னொரு படி போனார். சாதி, ஆட்களை ஒரு தொழிலிலிருந்து இன்னொரு தொழிலுக்கு நகரவிடாது, ஆகவே இந்நாட்டு வேலையின்மையின் பெரும்பகுதிக்கு அதுவே நேரடிக் காரணம் என்பது அவர் வாதம்.

இந்த 'நகரவிடாமை'யை நாம் தினமும் பார்க்கிறோம். மூன்று விதமாக அது நடக்கிறது.

ஒன்று, கதவிலேயே நிறுத்துவது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் ஒரு சோதனை செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். ஒரே படிப்பு, ஒரே தகுதி. பேரில் மட்டும் வித்தியாசம். தலித் என்று தெரியும் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பேருக்கு வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்முகத் தேர்வுகூட நடக்கவில்லை, வெறும் பேர். 'திறன் போதாது' என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இரண்டு, கிடைத்த வேலையையும் செய்யவிடாமல் அடிப்பது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது திரும்பப் பெறப்பட்டது. ஒரு தோழர் சேரியில் ஓட்டல் வைத்தால் ஊர்க்காரன் சாப்பிட வருவானா? 'சுயதொழில் செய்யுங்க' என்று கடன் முகாம் போடுகிறவர்களைக் கேளுங்கள்.

மூன்று, வேலை மறுப்பையே ஆயுதமாக எடுப்பது. கோயிலுக்குள் போனால், தேர்தலில் நின்றால், கூலி கூடக் கேட்டால், "காலனி ஆளுங்களுக்கு யாரும் வேலை கொடுக்கக் கூடாது" என்று ஊர்க்கூட்டம் போடுவார்கள். பக்கத்து ஊரிலிருந்து லாரியில் ஆள் இறங்கும். இது பொருளாதாரப் பாடநூலில் இருக்காது. ஆனால் சட்டத்தில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்று சேர்த்தது. வேலை தர மறுப்பது சாதிக் கொடுமை என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. கணக்கெடுக்கும் படிவத்தில் மட்டும் அதற்கு ஒரு எண் கிடையாது.

இப்போது டீக்கடைப் பேச்சுக்குத் திரும்புவோம். 'ஆள் கிடைக்கவில்லை' என்றால் என்ன அர்த்தம்? பழைய கூலிக்கு, பழைய மரியாதைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. நூறு நாள் என்று பேர், சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐம்பது நாள் அளவில்தான். அந்த ஐம்பது நாளே என்ன செய்தது தெரியுமா? "அந்தக் கூலிக்கு வரல" என்று சொல்ல நம் பெண்களுக்கு முதல்முறையாக வாய் கொடுத்தது. அதனால்தான் அவ்வளவு எரிச்சல். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 125 நாள் என்று எண்ணைக் கூட்டினார்கள். கூடவே விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்திவைக்க வழி செய்தார்கள். எப்போது கூலி கேட்கும் பலம் நமக்கு அதிகமோ, சரியாக அந்த நாட்களில்! டீக்கடைக்காரரின் புலம்பல் டெல்லி வரைக்கும் கேட்டிருக்கிறது.

எனவே நம் பிரச்சினை வேலை இல்லாதது மட்டும் அல்ல. வேலையை மறுக்க முடியாததும் நம் பிரச்சினை. சாக்கடைக் குழிக்குள் இறங்கும் மனிதர் இந்நாட்டுக் கணக்கில் வேலையில் இருப்பவர். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் தடை செய்தன. குழியில் சாகிறவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொன்னது. சட்டம் தடை செய்த வேலையும் கணக்குக்கு வேலைதான். சாவுக்கு ஆள்விட்டுக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாத தாத்தாவைக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். மாநகராட்சி அந்த மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, தங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. அப்போது நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் கிளம்பியது. குப்பை அள்ளும் வேலையை நிரந்தரமாக்கக் கேட்பது, நம் மக்களைத் தலைமுறை தலைமுறையாக அதிலேயே கட்டிப்போடுவது ஆகாதா என்று.

அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் என் பதில் இது: இருபது வருசம் அந்த வேலையைச் செய்த அம்மாவுக்கு நிரந்தரமும் முழுச் சம்பளமும் பென்சனும் வேண்டும். அவர் மகளுக்கு அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லும் பலம் வேண்டும். அம்மாவுக்குக் கிடைக்கும் நிரந்தரச் சம்பளத்தில்தான் மகள் இரண்டு வருசம் காத்திருந்து படிக்க முடியும். ஒப்பந்தக் கூலிக்காரியின் மகள் எங்கே காத்திருப்பாள்? அவள் கையில் அதே துடைப்பம்தான் வரும். இரண்டு கோரிக்கையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

மறுக்கும் பலம் எங்கிருந்து வரும்? சொந்த நிலத்திலிருந்து வரும். 1892இல் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் நம் பாதிக் காலனிகள் ஊர்க்காரன் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அதைக் கேட்டுத்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் இருவர் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தார்கள். நில மீட்பையும் வேலையின்மையையும் தனித்தனிப் பிரச்சினையாக நாம் பேசிக்கொண்டிருப்பது நம் பிழை. 'பின்னடைவுப் பணியிடங்களை நிரப்பு' என்று போஸ்டர் ஒட்டுகிறோம். ஒட்ட வேண்டியதுதான். ஆனால் காலனியில் அரசு வேலைக்குப் போகிறவர் பத்து வீட்டுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மற்ற ஒன்பது வீட்டின் வேலையின்மை பற்றி நம்மிடம் ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கூலி இல்லாத வேலை. உங்கள் காலனியில் வீடு வீடாகப் போங்கள். ஐந்து கேள்வி போதும். போன மாசம் எத்தனை நாள் வேலை கிடைத்தது? எத்தனை நாள் கேட்டும் கிடைக்கவில்லை? யார் கொடுத்த வேலை, என்ன கூலி? விருப்பமில்லாமலே மறுக்க முடியாமல் செய்த வேலை எது? படித்த படிப்புக்கு எங்கெங்கே கேட்டீர்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள்? நாலாவது கேள்வியை அவசரப்படாமல் கேளுங்கள். பல பேர் அதற்கு முதலில் பதில் சொல்லமாட்டார்கள்.

டெல்லிக் கணக்கில் நம் வீட்டுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அதை அழித்து எழுத நம்மிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும். தெருவுக்கு இரண்டு பேர், ஒரு நாற்பது பக்க நோட்டு. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.